சொட்டும் இடம் வேறு

பழைய கார் வைத்திருப்பவர்களைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. புதுக் கார்க்காரர் வண்டியை நிறுத்தி இறங்கியதும் காரைத் திரும்பிப் பார்ப்பார். பழைய கார்க்காரர் வண்டியை எடுத்ததும், அது நின்றிருந்த தரையைத் திரும்பிப் பார்ப்பார்.

தரையில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தால் அன்றைய பொழுது கெட்டது. பார்க்காத மாதிரி போய்விடுகிறவர்கள் ஒரு ரகம். ‘பழைய வண்டின்னா அப்படித்தான்’ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறவர்கள் இரண்டாவது ரகம். மெக்கானிக் சொல்லும் தொகையைக் கேட்டுவிட்டு, வந்த விலைக்குக் காரையே தள்ளிவிடுகிறவர்கள் மூன்றாவது ரகம். மூன்று பேருக்கும் பொதுவான சமாசாரம் ஒன்று உண்டு. ஆயில் எங்கே விழுகிறது என்று பார்க்கிறார்கள். எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டுக் கார் 1998 மாடல். நான் பி.காம். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா ஆபீஸில் லோன் போட்டு வாங்கியது. மூன்று சிலிண்டர், கார்ப்பரேட்டர் எஞ்சின். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. இருபத்தைந்து வருஷம் சூட்டில் வெந்த ரப்பருக்குக் கம்பெனி வித்தியாசமெல்லாம் தெரியாது.

அப்பா ரிட்டையர் ஆகிவிட்டார். வீடு இரண்டு தடவை மாறிவிட்டது. கார் மட்டும் மாறவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, வாரம் மூன்று நாள் ஃபிசியோதெரபி. காரில் கூட்டிக்கொண்டு போய், வாசலில் பேப்பர் படித்தபடி காத்திருந்து, திரும்பக் கூட்டிவருவது அப்பா. ரிட்டையர் ஆன பிறகு அவருக்கு இருக்கிற ஒரே உத்தியோகம் அதுதான். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

2023 கோடையில் அந்த உத்தியோகத்துக்கு ஆபத்து வந்தது.

எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலிருந்து தெருவுக்கு ஏற ஒரு சாய்தளம் உண்டு. ஒருநாள் காலையில் இரண்டாவது மாடிப் பெண் ஸ்கூட்டரில் அதில் ஏறும்போது சறுக்கி விழுந்தாள். காலேஜ் போகிற பெண். சாய்தளத்தில் எங்கள் கார் விட்டுப்போன ஆயில், அதன்மேல் முந்தின ராத்திரி போட்ட தூறல். ஆயிலும் தண்ணீரும் சேர்ந்தால் சோப்புக் கட்டியில் நடப்பது மாதிரிதான். முழங்கையில் நல்ல சிராய்ப்பு. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் சண்டைக்கு வரவில்லை. “பரவாயில்லை மாமா, சின்னக் காயம்தான்” என்றாள் அந்தப் பெண்ணின் அம்மா.

அதுதான் அப்பாவை அதிகம் படுத்திவிட்டது என்று நினைக்கிறேன். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். அன்று சாயங்காலமே காரைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார். மரக்கடையிலிருந்து ஒரு மூட்டை மரத்தூள் வாங்கி வந்து சாய்தளம் முழுக்கத் தூவி, ஊறவிட்டு, தானே பெருக்கி அள்ளினார். ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி, “வித்துடலாம்டா” என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ரசம் ஊற்றினாள்.

இன்னொரு நெருக்கடியும் இருந்தது. கார் வாங்கி 15 வருஷம் ஆனால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. 2013, 2018 இரண்டும் சுலபமாகக் கழிந்தன. 2022 ஏப்ரலில் காருக்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. (20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் அதுவும் இரட்டிப்பாகி 10,000 ஆகிவிட்டது.) பசுமை வரி தனி. 2023-ல் எங்கள் முறை. அடியில் சொட்டிக்கொண்டே நிற்கும் காரை எந்த தைரியத்தில் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்துவது?

முதலில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனோம். ஏ.சி. வெயிட்டிங் ரூம், காபி மெஷின் எல்லாம் உண்டு. காரை லிஃப்ட்டில் தூக்கினார்கள். சூப்பர்வைசர் இளைஞர் அடியில் டார்ச் அடித்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் தொங்கிக்கொண்டிருந்த சொட்டைக் காட்டினார்.

“க்ராங்க் பேக் ஆயில் சீல் போயிடுச்சு சார். கியர்பாக்ஸ் இறக்கணும். இறக்கினா க்ளட்சையும் மாத்திடறது பெட்டர். எல்லாம் சேர்த்து பதினெட்டாயிரம் வரும்.”

காரை விற்றால் முப்பதாயிரம் தேறும்.

அந்த இளைஞர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். பேக் சீல் போனால் அங்கேதான் சொட்டும். சொட்டு அங்கேதான் தொங்கியது. பார்த்ததைச் சொன்னார். பார்த்தது போதுமா என்பதுதான் கேள்வி.

அப்பா, “யோசிச்சு சொல்றோம்” என்று காரை எடுத்துக்கொண்டு நேராக பாயிடம் போனார். பாய் எங்கள் ஏரியாவில் முப்பது வருஷமாகத் தகர ஷெட் போட்டு வேலை பார்ப்பவர். லிஃப்ட் கிடையாது, ஒரு குழி உண்டு. விஷயத்தைக் கேட்டவர் குழியில் இறங்கவே இல்லை. பானெட்டைத் திறந்தார்.

“லீக்கு கீழே பாய்” என்றேன்.

“ஆயில் மேலேர்ந்துதானே சார் கீழே வரும்?” என்றார்.

இவ்வளவுதான் விஷயம். எஞ்சினின் மேல்பக்கம் எங்கேயோ கசிகிற ஆயில் அங்கேயே சொட்டுவதில்லை. இரும்பின் மேல் ஊர்ந்து, மடிப்புகளில் தேங்கி, வண்டி ஓடும்போது காற்றில் பின்பக்கமாகத் தள்ளப்பட்டு, எந்த இடம் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிறதோ அங்கே வந்து சொட்டுகிறது. அந்த இடத்துக்கும் கசிவுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். ஓட்டு வீட்டில் மழை ஒழுகினால் நமக்கு இது தெரியும். ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் ஓட்டை மாற்றினால் அடுத்த மழைக்கும் ஒழுகும். தண்ணீர் நாலு ஓடு தள்ளி உள்ளே புகுந்து, ரீப்பர் வழியாக நடந்து வந்திருக்கும்.

“முதல்ல வண்டியைக் குளிப்பாட்டணும். அழுக்குல எதுவும் தெரியாது” என்றார் பாய்.

இருபத்தைந்து வருஷத்து ஆயிலும் புழுதியும் சேர்ந்து எஞ்சின் மேல் தோசைமாவு கனத்துக்குப் படிந்திருந்தது. எலெக்ட்ரிக் பாகங்களைப் பாலிதீன் பை சுற்றிக் கட்டிவிட்டு, டீசலும் பிரஷ்ஷும் வைத்துப் பையன் ஒருமணி நேரம் தேய்த்தான். அப்புறம் சோப்புத் தண்ணீர், துணி, காற்று. நன்றாகக் காய்ந்த பிறகு, சந்தேகப்பட்ட இடங்களில் லேசாக பவுடர் அடித்தார்கள். சாதாரண முகப்பவுடர்தான். அப்பாவின் குட்டிக்கூரா டப்பாவை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார் பாய். வெள்ளைப் பவுடரில் ஆயில் பட்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து திறந்தோம். கீழே கியர்பாக்ஸ் சந்திப்பில் பவுடர் முக்கால்வாசி அப்படியே இருந்தது. ஆனால், எஞ்சின் தலையின் ஓரத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பழுப்பாக ஒரு கோடு புறப்பட்டு, கியர்பாக்ஸ் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கோடு இன்னும் அரைநாள் ஓடியிருந்தால், சர்வீஸ் சென்டரில் டார்ச் அடித்துக் காட்டிய அதே இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் ஓ-ரிங் உண்டு. அதைக் கழற்றும் முன்பு, டிஸ்ட்ரிபியூட்டர் எந்தக் கோணத்தில் இருந்தது என்று வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டார் பாய். திரும்ப மாட்டும்போது கொஞ்சம் நகர்ந்தாலும் இக்னிஷன் டைமிங் மாறிவிடும். வெளியே வந்த ஓ-ரிங்கை என் கையில் கொடுத்தார். வளைத்தேன், அப்பளம் மாதிரி படக்கென்று ஒடிந்தது. ரப்பர் என்று சொன்னால்தான் தெரியும். வெந்து வெந்து பிளாஸ்டிக் ஆகி, உருண்டையாக இருக்கவேண்டியது பட்டையாகிவிட்டிருந்தது.

ஆனால் பாய் அதோடு விடவில்லை. “இது கெட்டுப்போச்சு, சரி. மத்ததெல்லாம் ஏன் கசியுது?” என்றார். டேப்பட் கவர் பேக்கிங்கிலும் ஈரம் இருந்தது. அதற்குப் பதில், டேப்பட் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் கட்டைவிரல் தடிமன் ரப்பர் குழாயில் இருந்தது. கழற்றி ஊதிப் பார்த்தார். காற்றுப் போகவில்லை. உள்ளே கறுப்பு அல்வா.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சிலிண்டருக்குள் எரிகிற வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியே போகத்தான் இந்தக் குழாய். அது அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் கூடும். குக்கரில் வெயிட் அடைத்துக்கொண்டால் எப்படி கேஸ்கட் வழியாக ஆவி பீறிட்டு வருமோ, அப்படி எந்த சீல் பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். குழாயைச் சுத்தம் செய்யாமல் சீலை மாற்றினால், புது சீல் நிற்கும், பக்கத்து சீல் அழ ஆரம்பிக்கும். நாமும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருப்போம். (குழாய் சுத்தமாக இருந்தும், எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடி வழியாகக் குப்குப்பென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அது பெரிய வேலை.)

ஓ-ரிங், டேப்பட் கவர் பேக்கிங், புதுக் குழாய், கழுவு கூலி, வேலைக் கூலி எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய். பாய் இரண்டு நூறு ரூபாய் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டேன். “குழாயை நானே ரெண்டு சர்வீஸ் முன்னாடி பார்த்திருக்கணும்” என்றார். என் இருபது வருஷப் பத்திரிகை வாழ்க்கையில் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பேட்டி எடுத்திருக்கிறேன். இப்படி ஒரு வாக்கியத்தை அவர்களிடமிருந்து வாங்க முடிந்ததில்லை.

நான் காமர்ஸ் ஆசாமி. எஞ்சினைவிட லெட்ஜர் சுலபமாகப் புரியும். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டு வைப்போம். அந்தத் தொகை எவ்வளவு தப்பு என்றுதான் சொல்லும், எங்கே தப்பு என்று சொல்லாது. எங்கே என்று தெரிய லெட்ஜர், டே புக், வவுச்சர் என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். தரையில் விழுந்த ஆயில் வட்டமும் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்தான். அதை வைத்து எஞ்சினை இறக்கக் கூடாது.

ஆனாலும் வட்டம் நிறைய விஷயம் சொல்லும். ராத்திரி காருக்கு அடியில் ஓர் அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் பாருங்கள். பழுப்போ கறுப்போ வழுவழுவென்று இருந்தால் எஞ்சின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். பச்சையோ சிவப்போ, தண்ணீர் மாதிரி, லேசான இனிப்பு வாடை என்றால் ரேடியேட்டர் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் ஏ.சி. தண்ணீர், நிம்மதியாகக் காபி குடிக்கலாம். நிறமில்லாமல், தண்ணீரைவிட வழவழப்பாக, சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பிரேக் ஆயில். அப்போது காரை எடுக்கவே எடுக்காதீர்கள்.

எஞ்சின் ஆயில்தான் என்று தெரிந்தால் மேலிருந்து கீழே, மலிவிலிருந்து விலைக்கு என்று வரிசையாக வாருங்கள். முதலில் டிப்ஸ்டிக். அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் ஒழுகும். அப்புறம் மூடி, டேப்பட் கவர், டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால் அதன் ஓ-ரிங், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஆயில் ஃபில்டர், டிரெயின் போல்ட்டின் வாஷர். இவ்வளவும் காய்ந்து கிடந்தால்தான் ஆயில் சேம்பர் பேக்கிங், முன் சீல், பின் சீல். நிஜமாகவே பின் சீல் போயிருக்கவும் கூடும். அப்போது கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அது கடைசி சந்தேகமாக இருக்கட்டும்.

கசிகிறதே என்று டேப்பட் கவர் போல்ட்டை மூச்சுப்பிடித்து முறுக்காதீர்கள். தகரக் கவர் வளைந்து, கசிவு இரண்டு மடங்காகும். பேக்கிங்குக்கு மேல் சிலிக்கான் பேஸ்ட்டைக் கேக்குக்கு க்ரீம் வைக்கிற மாதிரி அப்பவும் விடாதீர்கள். உள்பக்கம் பிதுங்குவது பிய்ந்து சேம்பரில் விழுந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். ஒழுகலை நிறுத்தப்போய் எஞ்சினை நிறுத்தின கதையாகிவிடும்.

‘பழைய வண்டின்னா அப்படித்தான்’ என்பது ஒரு காலத்தில் பாதி உண்மை. அம்பாசடரின் பழைய 1,489 சி.சி. எஞ்சின் பிரிட்டிஷ் டிசைன். அதில் க்ராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. திருகு மரை மாதிரி ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். சுழலும்போது அது ஆயிலை உள்ளே தள்ளும். நின்றுவிட்டால் தள்ள ஆள் கிடையாது, சொட்டும். 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடருக்கு அந்தச் சலுகை தரலாம். ரப்பர் சீல் வைத்த எஞ்சினுக்குத் தர முடியாது.

எவ்வளவு ஒழுகினால் பயப்பட வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 144 சொட்டு. இருபது சொட்டு சுமார் ஒரு மில்லி. நாளைக்கு 7 மில்லி, மாசத்துக்கு 200 மில்லிக்கு மேல். பல கார்களில் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர். ஆக, நின்ற இடத்திலேயே ஐந்து மாசத்தில் கீழ்க் கோடு. ஓடும்போது இன்னும் வேகமாகப் போகும். வாரம் ஒரு தடவை டிப்ஸ்டிக் பார்க்கிறவருக்கு இது தலைவலி. பார்க்காதவருக்கு எஞ்சின் செலவு. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், ‘வீடு பக்கம்தானே’ என்று ஓட்டாதீர்கள். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

மூன்று விஷயங்களில் மட்டும் சொட்டு எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. ஆயில் சைலன்ஸர் குழாயில் விழுந்து கருகல் வாடை வந்தால் தீப்பிடிக்கலாம். டைமிங் பெல்ட்டில் பட்டால் பெல்ட் ஊறி அறுந்துபோகும். க்ளட்ச்சில் பட்டால் மேட்டில் எஞ்சின் கத்தும், வண்டி நகராது.

நான்காவதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. அது பின்னால் வருகிற ஸ்கூட்டர். நம் ஆயில், நம் எஞ்சின், நம் செலவு என்று நினைக்கிறோம். சொட்டு விழுகிற தரை பொதுத்தரை. கழற்றின பழைய ஆயிலுக்கும் இதே கதைதான். 2016-ம் வருஷத்து விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. சாக்கடையில் ஊற்றக்கூடாது. கேனில் பிடித்து, ஒர்க்‌ஷாப்பில் பழைய ஆயில் சேர்க்கிற பீப்பாயில் கொடுத்துவிட வேண்டும்.

ஆர்.சி. 2028 வரைக்கும் கிடைத்தது. கார் மறுபடி உள்ளே வந்து நிற்க அப்பா தானாக ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டார். தினமும் ராத்திரி அடியில் அட்டை. காலையில் அதைக் கொண்டுபோய் இரண்டாவது மாடி வாசலில் நின்று, “பாரும்மா, ஒண்ணுமில்லை” என்று காட்டியிருக்கிறார். நாலு நாள் பொறுத்துக்கொண்ட அந்தப் பெண், ஐந்தாம் நாள், “தாத்தா, நம்பறேன், போதும்” என்றாளாம்.

சேம்பர் பேக்கிங் ஓரத்தில் இன்னும் லேசான ஈரம் இருக்கிறது. சொட்டுவதில்லை. பாய் அதைத் துடைத்துவிட்டு, “இது வியர்வை சார், விடுங்க” என்கிறார். அப்பா விடவில்லை. மாசம் ஒருமுறை துடைத்துப் பார்க்கிறார். அம்மாவின் ஃபிசியோதெரபி தொடர்கிறது.

உங்கள் கார் பத்து வருஷத்தைத் தாண்டியிருந்தால் இன்று ராத்திரியே சோதித்துப் பாருங்கள். அட்டை கிடைக்காவிட்டால் இந்தப் பத்திரிகையையே விரித்துப் போடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. முழுக்கப் படித்து முடித்த பிறகு.